வெள்ளம் போகும் வழி உங்களுக்குத்தான் தெரியும்

"திட்டமெல்லாம் கொழும்பிலை போடுறது, நாங்கள் ஆர் கேட்க?" கரவெட்டியில் இந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. ஆர் கேட்பதா? நீங்கள்தான் கேட்க வேண்டும்!

ஒரு மாரியில் நெல்லியடிப் பக்கத்து ஒழுங்கையொன்றில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றேன். எண்பதைத் தாண்டிய ஆச்சி ஒருவர் ஊன்றுதடியை நீட்டி எதிரே இருந்த மதிலைக் காட்டினார். "உதிலை எங்கடை கிடுகு வேலி நிண்டது மோனை. பொட்டுக்குள்ளாலை வெள்ளம் வயலுக்குப் போயிடும்." எந்த நில அளவைப் படத்திலும் இல்லாத வாய்க்காலை அந்தத் தடி காட்டிவிட்டது. ஆச்சி இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கப்பட்டதில்லை.

வேலி இருந்தவரை வெள்ளத்துக்கு வழி இருந்தது. வெளிநாட்டுக் காசில் மதில் எழுந்தது, வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. மதில் கட்டியவரை நான் பழிக்க மாட்டேன். இந்த இடத்தில் தண்ணீருக்கு வழி விடுங்கள் என்று சொல்ல அவர் முன்னே ஒரு திட்டம் இருந்ததா?

கிணற்றின் கதையும் அதுதான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தேங்கும் மாரி மழைதான் நம் குடிநீர். அந்தக் கல் முழுக்க வெடிப்பும் பொந்தும். மேலே எதை விட்டாலும் கீழே போய்ச் சேரும். முன்பு பெரிய வளவுக்கு ஒரு கிணறு. இப்போது காணி பிரிந்து பிரிந்து, இரண்டு பரப்புத் துண்டுக்குள் வீடும் கிணறும் மலசலகூடக் குழியும் நெருங்கி நிற்கின்றன. தோட்டத்து உரமும் சேர்கிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குடாநாட்டுக் கிணறுகள் பல அதைத் தாண்டிவிட்டதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. கைக்குழந்தைக்குப் பால் கரைப்பதும் அந்தத் தண்ணீரில்தான். இதற்கு மேலும் பேசாமல் இருப்பீர்களா?

நம்மால் திட்டமிட முடியாதென்று எவர் சொன்னார்? 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம், ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக்குக் கொண்டுவர வழி வரைந்தார். ஆறில்லாத மண்ணுக்கு ஆறு கேட்ட துணிச்சல் அது! அது இன்னும் முழுதாக நிறைவேறவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கும் ஊர் பின்னால் இல்லாவிட்டால் நல்ல திட்டமும் தாளில் தூங்கும். திட்டமிட முதலில் ஊரை அறிய வேண்டும். பாட்ரிக் கெடஸ் உலகம் மதித்த நகரத் திட்ட அறிஞர். 1921இல் கொழும்புக்குத் திட்டம் எழுதிக் கொடுத்தவர். தெருத்தெருவாக நடந்து பார்க்காமல் கோடு போடக் கூடாது என்பது அவர் முறை. அந்த நடையை நீங்கள் பிறந்த நாள் முதல் நடக்கிறீர்கள்.

வழியும் திறந்தே இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி, சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவரும் அமரலாம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, வீதி, வடிகால், கட்டட அனுமதி எதைப் பற்றியும் காரணம் சொல்லாமலே கேட்கலாம். 2023 மார்ச் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தெரிவான உறுப்பினரே இல்லாமல் கிடந்த சபைகளுக்கு 2025 மே 6இல் வாக்களித்தோம். வாக்குப் போட்டதோடு வேலை முடிந்ததென்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி பிறந்த ஊர் இந்தக் கரவெட்டி. படிப்புக்கு இங்கே பஞ்சமில்லை, பேச்சுக்கும் இல்லை. விக்னேஸ்வராவிலும் நெல்லியடி மத்திய கல்லூரியிலும் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளே, கைபேசியில் இடங்குறிக்க உங்களுக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. மாரி தொடங்கியதும் இறங்குங்கள். அடைபட்ட மதகு எது, தூர்ந்த கேணி எது, தண்ணீர் எத்தனை நாள் நின்றது, எல்லாவற்றையும் குறியுங்கள். ஆச்சிமாரைக் கேளுங்கள். கட்டைவேலியும் கரணவாயும் துன்னாலையும் தத்தம் பங்கை வரையட்டும். எல்லாவற்றையும் ஒன்றாய் ஒட்டி, வடமராட்சி தென்மேற்குப் பிரதேச சபையின் மேசையில் விரியுங்கள். எங்கள் பிரதேசத்துக்கான அடுத்த திட்டம் இதிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லுங்கள். பதில் வரும்வரை அந்த இடத்தை விட்டு அசையாதீர்கள்.