தொண்டை மட்டும் அசைந்தது

இரும்பையில், முந்திரித் தோப்பை ஒட்டிய ஒரு வீட்டுத் தோட்டத்தில், எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் ஆண் கேனரிக் குருவிகளை ஒரே பெரிய வலைக்கூண்டில் வளர்க்கிறார். மாசியில் ஒரு காலை அங்கே போயிருந்தேன். மேல்குச்சியில் நின்றவை மாறி மாறிப் பாடின. கீழே, தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில், ஒன்று மட்டும் வலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அதன் தொண்டை விடாமல் அசைந்தது. சத்தம் இல்லை.

“அது பாடுதா, மூச்சு வாங்குதா தம்பி?” என்று அக்கா கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் வந்துவிட்டேன். அந்தத் தொண்டை இன்னும் என்னை விடவில்லை.

நோயாக இருக்கலாம். கேனரியின் மூச்சுப்பைகளில் குடியேறும் சிற்றுண்ணி ஒன்று உண்டு. அது வந்தால் குரல் போகும். குருவி வாயைத் திறந்தபடி மூச்சு விடும். ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கும். இதன் அலகு மூடியிருந்தது, வால் அசையவில்லை. பாட்டு என்றுதான் நினைக்கிறேன். பாடப் பழகும் குஞ்சுகள் இப்படி அடித்தொண்டையில் முனகுவதுண்டு. ஆனால் இது வளர்ந்த குருவி. வாங்கி வந்த புதிதில், தனிக்கூண்டில் இருந்தபோது, தெரு வரைக்கும் கேட்கப் பாடியதாம்.

கேனரித் தீவுகளிலும் மதீராவிலும் அசோரசிலும் காட்டுக் கேனரிகள் மற்ற மாதங்களில் கூட்டமாகத் திரியும். இனப்பெருக்கக் காலம் வந்தால் ஒவ்வோர் ஆணும் தனக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொண்டு பாடும். அந்தப் பாட்டு பெட்டைக்கு அழைப்பு, மற்ற ஆணுக்கு எச்சரிக்கை. அதனால்தான் ஆண்களை ஒன்றாக வைப்பவர்கள் பெட்டையைக் கண்ணில் காட்டக் கூடாது என்பார்கள். அக்கா அதைச் செய்திருக்கிறார். மூலைக்கொரு தீவனக் கிண்ணம், ஒரே உயரத்தில் நிறையக் குச்சிகள். ரத்தக்காயம் எதுவும் இல்லை. “ஒத்துமையாத்தான் இருக்குதுங்க” என்றார்.

பறவைகளின் பாட்டை ஆராய்ந்த ஃபெர்னாண்டோ நோட்டபாம் 1981இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதியது எப்போதோ படித்து அரைகுறையாக மனதில் தங்கியிருக்கிறது. ஆண் கேனரியின் மூளையில் பாட்டை ஆளும் பகுதிகள் வசந்தத்தில் பெருத்து, பருவம் முடிந்ததும் சுருங்குகின்றன. அவற்றில் ஒரு பகுதி ஏறக்குறைய இரு மடங்காகிறது. பகல் நீளுவதுதான் அதற்குத் தூண்டுதல். கேனரித் தீவுகளில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் மூன்றரை மணி நேர வித்தியாசம். இரும்பையில் ஒன்றரை மணி நேரம்கூட வராது. அந்தச் சிறு நீட்சி மேல்குச்சிக் குருவிகளுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. கீழே இருந்ததற்கும் தலைக்குள் பாட்டு பெருத்திருக்குமா? பெருத்திருந்தால் அது எங்கே போகும்?

திண்டிவனம் பக்கம் என் அம்மாவின் ஊர். பெரிய தாத்தா கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுபவர். அவர் பாடிப் பழகும் இரவுகளில் சின்னத் தாத்தா திண்ணையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். லாந்தர் வெளிச்சத்தில் அவர் தொண்டைக்குழி ஏறி ஏறி இறங்கும். மல்லாட்டைக் கொல்லையில் தனியாக இருக்கும்போது அதே பாட்டுகளை அவர் பாடி நான் கேட்டிருக்கிறேன், அண்ணனைவிடக் கனமான குரல். அண்ணன் தம்பிக்குள் ஒரு சொல் தடித்ததில்லை என்று ஊரே சொல்லும். பாகம் பிரிக்காமலே இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு இன்றும் அது பெருமைதான். ஆனால் அந்த ஒற்றுமைக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அதே இரும்பையில், சம்பந்தர் பாடிய மாகாளம் கோயிலில் கடுவெளிச் சித்தர் கதை சொல்வார்கள். ஆடியவளின் சிலம்பு கழன்று விழ, அவர் எடுத்துப் பூட்டிவிட, கூட்டம் சிரித்தது. அவர் கோபத்தில் பாடினார். லிங்கம் மூன்றாக வெடித்தது. திரும்பப் பாடியதும் கூடியது. பாட்டு என்றாலே சாந்தம் என்று நினைக்கும் எனக்கு இந்தக் கதை எப்போதும் இடறும். கேனரி பாடுவதும் பாதி சண்டைதானே. கேட்டு மகிழ்வது நாம்.

கூண்டைத் திறந்துவிடுவதும் வழியல்ல. பச்சைக்கிளி என்றால் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டமே கூண்டில் வைக்க விடாது. விட்டால் அதற்கு இங்கே காடு உண்டு. பல நூறு ஆண்டுகளாகக் கூண்டிலேயே பெருகிய அயல்நாட்டுக் குருவிக்கு இங்கே என்ன உண்டு?

ஒவ்வொன்றுக்கும் நடுவில் தட்டி கட்டலாமா என்று அக்கா யோசிக்கிறார். ஒன்றையொன்று பார்க்காமல், குரல் மட்டும் கேட்டால் எல்லாமே பாடும். பாட்டுக்காகவே அப்படி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத எதிரிக்குப் பகலெல்லாம் பதில் சொல்லும் வாழ்க்கை அது. அதோடு, அந்திக்கு அந்தக் குருவியும் மேலே ஏறி மற்றவற்றோடு தூங்குகிறதாம், எதுவும் துரத்துவதில்லையாம். தட்டி வந்தால் அந்தத் துணை போய்விடும்.

அடுத்த முறை கேட்டால் தட்டி கட்டுங்கள் என்றுதான் சொல்வேன். அதைக் குருவிக்காகச் சொல்கிறேனா, அதன் குரலைக் கேட்கும் ஆசையில் சொல்கிறேனா என்பது மட்டும் எனக்கு இன்னும் தெளியவில்லை.