உறைபனியும் ஊழும்

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் உறைந்தபோது லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் நின்றது. சுவருக்குள் குழாய்கள் வெடித்து வீடெங்கும் நீர் கொட்டியது. இதைக் கடவுளின் செயல் என்று ஏற்றுக்கொள்வது தகுமா? குளிரை வரவழைத்தது மனிதரல்ல. ஆனால் நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும் என்பது நெடுங்காலமாக அறிந்த உண்மை. பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்முனைக்கும் நடுவே சிக்கிய நீரின் அழுத்தமே பெரும்பாலும் குழாயைப் பிளக்கிறது. குழாயைச் சற்றே திறந்து சொட்டவிட்டால் அந்த அழுத்தம் தணியும். வெளிச்சுவரை ஒட்டிய குழாய்க்கு உறை சுற்றலாம். ஊருக்குப் போகிறவர் பிரதான வால்வை மூடி நீரை வடித்துவிடலாம். இவ்வளவு எளிதில் தடுக்கத்தக்க கேட்டை ஊழ் என்பது ஊழின் மேல் வீண்பழி.

வாடகை வீட்டு ஏழை சுவரைப் பிரித்து உறை போட முடியுமா என்று கேட்கலாம். முடியாது, அவர்மேல் குற்றமும் இல்லை. ஆனால் அவரால் இயலாததால் பொறுப்பு மறைந்துவிடுவதில்லை. இயன்றவரிடம், அதாவது வீட்டு உரிமையாளரிடமும் மின் நிறுவனங்களிடமும் அரசிடமும் போய்ச் சேர்கிறது. 2011 பிப்ரவரியிலும் டெக்சாஸில் கடுங்குளிரில் மின்தடை வந்தது. மின்நிலையங்களைக் குளிருக்கு ஆயத்தப்படுத்துமாறு கூட்டாட்சி அமைப்புகளின் ஆய்வறிக்கை அவ்வாண்டே பரிந்துரைத்தது. மாநிலச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது 2021 பேரழிவுக்குப் பிறகுதான்.