காகிதத்தில் எழுந்தருளும் தெய்வம்

காடும் மலையும் மழை பொய்த்து வளமிழந்த காலத்தில் எய்துகிற கோலமே பாலை என்று நம் முன்னோர் கருதினர். மற்ற நான்கு நிலங்களுக்கும் உரிய தெய்வங்களைச் சுட்டிச் சொன்ன தொல்காப்பியர், பாலைக்குத் தெய்வம் சொல்லாமலே விட்டார். கொற்றவையை அதற்கு உரியவளாக்கியது பின்வந்தோர் வழக்கு. ஈரம் வற்றிய மண்ணில் தெய்வம் எவ்வுருவில் வந்து தங்கும் என்ற வினா, விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட ஆனைக்குட்டத்துப் பக்கம் போகும்போதெல்லாம் என் உள்ளத்தில் எழுவதுண்டு.

ஆனைக்குட்டத்தில் அர்ச்சுனா நதியின் குறுக்கே ஓர் அணை இருக்கிறது. விருதுநகர் மக்களின் தாகம் தீர்க்கும் நீர் அங்கிருந்தும் போகிறது. ஆயினும் மழைக்காலம் நீங்கலாக மற்ற நாட்களில் அந்நதியில் கண்ணுக்குப் படுவன பெரும்பாலும் மணலும் சீமைக்கருவேலமுமே. சிறிது தொலைவில், திருத்தங்கல் குன்றின்மேல், பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய நின்ற நாராயணப் பெருமாள், எத்தனையோ தலைமுறைகள் வந்து வணங்கிப் போனதைக் கண்டவராய், இன்றும் நின்றுகொண்டிருக்கிறார். அக்குன்றைக் கடந்து சிவகாசிக்குள் நுழைந்தாலோ, அச்சாபீஸ்களின் இயந்திரங்களிலிருந்து அதே பெருமாளும், திருமகளும், ஆறுமுகனும், மீனாட்சியும், மை உலராத புதுமையோடு அடுக்கடுக்காக வெளிவருகிறார்கள். கல்லில் நிற்பவருக்குக் கால எல்லை இல்லை. காகிதத்தில் வருபவருக்கோ டிசம்பர் 31 என்று நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே பக்தன் நெஞ்சில் பேதம் இருக்கத்தான் வேண்டுமா என்பதே இங்கே நான் ஆராய விரும்புவது.

அச்சுத்தொழில் இவ்வூரில் பக்தியினால் முளைத்ததன்று. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக லித்தோ அச்சகங்கள் எழுந்தன. காலண்டர்கள் அவற்றைத் தொடர்ந்தன. உழவனுக்குப் பகையாயிருந்த வறண்ட காற்று, மருந்தும் தாளும் ஈரம் கோக்காமல் காத்து, தொழிலுக்குத் துணையாயிற்று.

ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் நிறுவித் தெய்வத் திருவுருவங்களை வீடுதோறும் அனுப்பத் தொடங்கினார். அப்பணியைத் தென்னாட்டில் நிறைவேற்றியவர் என்று நான் மதிப்பது கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டையராஜுவை (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, சிலகாலம் ரமணாசிரமத்தில் வாழ்ந்து, பின்னர் நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, கோவில்பட்டியில் நிலைபெற்றவர் அவர். அவரும் அவருடைய சீடர்களும் தீட்டிய தெய்வங்கள், நாடக மேடையின் முன்விளிம்புக்கு வந்து நின்றவர்போல, பக்கம் திரும்பாமல் நம்மையே நேர்நோக்கி நிற்பதில் அந்தத் திரைச்சீலை அனுபவத்தின் சுவடு இருக்கிறது என்பது என் எண்ணம். நாமரூபங்களைக் கடந்து உள்ளே செல்லுமாறு உபதேசித்த ஒரு ஞானியின் நிழலில் இருந்தவர், ஆயுள் முழுவதும் நாமரூபங்களையே எழுதிக்கொண்டிருந்தது முரண் அல்லவா என்று கேட்பவர் உண்டு. அந்த ஞானியே அருணாசலம் என்ற மலையை உருவமாகக் கொண்டாடித் துதிகள் பாடியவர் என்பதை நினைத்தால் அம்முரண் கரைந்துபோகும்.

காகிதத் தெய்வத்தை ஏற்கத் தயங்குவோர் முதலில் சொல்லும் ஆட்சேபம், அது நிலையற்றது என்பது. நிலைபேறுதான் சாந்நித்தியத்துக்கு அளவுகோல் என்று நம் சாஸ்திரங்கள் எங்கும் சொல்லவில்லை. சைவாகமங்கள் க்ஷணிக லிங்கம் என்று ஒன்றை அங்கீகரிக்கின்றன; மணலாலோ, அரிசியாலோ, சந்தனத்தாலோ, மாவாலோ, மலராலோ அப்போதைக்கு ஒரு திருமேனி அமைத்து, அதில் இறைவனை ஆவாஹனம் செய்து, பூசை முடிந்ததும் அவனை மீள எழுந்தருளச் செய்துவிட்டு, அப்பொருளை அதன் இயல்புக்கே திருப்பிவிடுவது அம்முறை. காஞ்சியில் காமாட்சி தழுவியதும் மணலால் ஆன லிங்கத்தையே என்று புராணம் பேசுகிறது. ஆகமம் அறியாத நம் கரிசல் பெண்களும் இதே உண்மையை வேறு வழியில் அனுஷ்டிக்கிறார்கள்: இருட்டறையில் விதை தூவி, விரதம் காத்து, பாட்டுப் பாடி வளர்த்த முளைப்பாரியை, அது மிக அழகாயிருக்கும் நாளிலேயே தலையில் சுமந்துபோய்க் கண்மாயில் கரைத்துவிடுகிறார்கள். காப்பாற்றி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை அங்கே ஒருவருக்கும் எழுவதில்லை. படைத்ததும் கொடுத்ததுமே வழிபாடு என்பதை அவர்கள் அறிவார்கள்.

மந்திரபூர்வமான பிரதிஷ்டை காலண்டர் படத்துக்கு இல்லையே என்பது அடுத்த ஆட்சேபம். இல்லைதான். ஆனால் காலையில் குளித்து, படத்தின் நெற்றியில் குங்குமம் வைத்து, ஒரு நிமிஷம் கண்மூடி நிற்கும் இல்லாளின் ஒருமைப்பாட்டுக்கு ஆவாஹனம் என்ற பெயரை மறுக்க எனக்குத் துணிவில்லை. ஆண்டு முடிந்து தாள்களெல்லாம் கிழிபட்ட பின்னும் அந்தப் படத்தைக் குப்பையில் எறிய அவள் கை கூசுகிறது. வெட்டிச் சட்டமிட்டு மாட்டுகிறாள், அல்லது அரசமரத்தடியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறாள். அடியில் அச்சிட்ட ஜவுளிக்கடையின் பெயர் அவளை உறுத்துவதில்லை. கோயில் படிக்கல்லிலும் விளக்கிலும் உபயதாரர் பெயரைக் கண்டு பழகியவள் அவள்.

இவற்றையெல்லாம்விடப் பெரிதாக எனக்குப் படுவது வேறொன்று. இதே சிவகாசியில், விசுவநாதர் கோயிலுக்குள் நுழையும் உரிமையை நாடார் சமூகத்தார் கோரியதால் மூண்ட பகை, 1899-ல் ஊரே கொள்ளையிடப்படும் கலவரமாக முடிந்தது. கமுதிக் கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் அவர்களுக்கு எதிராகவே தீர்ந்தது. மதுரையில் மீனாட்சியம்மன் சந்நிதி அவர்களுக்கும் ஆதிதிராவிடர்களுக்கும் திறக்க 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாசலில் தடுக்கப்பட்ட மக்களின் ஊரிலிருந்தே, வாசல் என்ற ஒன்று இல்லாத தெய்வம் லட்சக்கணக்கில் புறப்பட்டுப்போயிற்று. குடிசையா மாளிகையா என்று கேளாமல், குலம் விசாரியாமல், ஓர் ஆணியில் தொங்கச் சம்மதித்த அத்தெய்வத்தின் எளிமையைச் சௌலப்பியம் என்று வைணவ ஆசாரியர்கள் போற்றிய குணத்திலிருந்து எப்படிப் பிரிப்பது? அர்ச்சாவதாரத்தில் இறைவன் தன்னை அடியார் கைக்குள் ஒப்புவித்துவிடுகிறான் என்பது அவர்கள் கொள்கை. அக்கொள்கையின் எல்லை கருங்கல்லோடும் ஐம்பொன்னோடும் நின்றுவிடும் என்று கொள்ள நியாயம் இல்லை. ஆற்றுநீர் அருகிய இவ்வூர், ஆற்றின் விழாவான ஆடிப்பெருக்கன்று பூஜை செய்து அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவதை வழக்கமாகக் கொண்டிருக்கிறது. தமிழகத்தின் மற்ற ஊர்களில் புதுவெள்ளம் புறப்படும் நாளில் இங்கிருந்து தெய்வங்கள் புறப்படுகின்றன.

க்ஷணிகமான காணிக்கைகளில் மிகவும் க்ஷணிகமானது வாணவேடிக்கை. விருதுநகர் பராசக்தி மாரியம்மனின் பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி ஏந்தி வரும் அடியாரின் நெருப்பும், திருவிழா இரவுகளில் வானத்தில் பூத்து உதிரும் நெருப்பும் ஒரே அன்னைக்கு உரியவை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் இங்கே என் வாதம் தடைப்பட்டு நிற்கிறது. காகிதம் அழியலாம், முளைப்பாரி கரையலாம், வாணம் சாம்பலாகலாம். அவற்றைச் செய்த கை அழிவதற்கு எந்த ஆகமத்திலும் இடம் இல்லை. ஆனைக்குட்டத்தைச் சுற்றிய ஊர்களிலிருந்து விடியற்காலையில் தூக்குச்சட்டியோடு பட்டாசு ஆபீஸுக்குப் புறப்படும் பெண்கள் மருந்துக்கும் திரிக்கும் நடுவே வெறுங்கையோடு அமர்கிறார்கள். ஓர் உராய்வு போதும். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் பல உயிர்களைக் குடித்த வெடிவிபத்தை இவ்வட்டாரம் மறக்கவில்லை. அதற்குப் பின்னும் ஒவ்வோர் ஆண்டும் வெடிவிபத்துச் செய்தி வராமல் போகவில்லை. பூவைப் பறிக்கும்போதுகூடச் செடிக்கு நோகாமல் பறிக்கச் சொல்லும் மரபு நம்முடையது. அப்படியிருக்க, அம்மனுக்கென்று ஏற்றும் ஒளியின் பின்னே கருகிய விரல்களைப் பற்றி விழாக் கமிட்டிகள் இதுவரை கேளாதிருப்பது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. எத்தனை பேர் ஓர் அறையில் அமரலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்ற விதிகள் ஏட்டில் இருக்கின்றன. அவற்றைக் கடைப்பிடிக்கும் ஆலையின் சரக்கு இது என்று உறுதிபெற்ற பிறகே வேடிக்கைக்கு விலை பேசுவது என்று ஒரு கோயில் முதலில் முடிவு செய்யட்டும். அபிஷேகப் பாலில் நீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பவர்கள் இதையும் பார்க்கக் கடமைப்பட்டவர்களே.