ஊழும் ஒரு ஹாக்கி மட்டையும்

திருக்குறளில் ஊழுக்கு இரண்டு முகங்கள் உண்டு. அறத்துப்பாலின் கடைசியில் தனி இயலாகவே நிற்கும் 38ஆம் அதிகாரம், ஊழைவிட வலியது வேறில்லை என்கிற கருத்தோடு முடிகிறது. பொருட்பாலில் ஆள்வினையுடைமை என்னும் 62ஆம் அதிகாரமோ, தளராமல் உழைப்பவர் அந்த ஊழையே புறமுதுகு காட்டச் செய்வார் என்று முடிகிறது. மற்கலியின் வழிவந்த ஆசீவகர்கள், நடப்பதெல்லாம் நியதி, முயற்சியால் மாறுவது ஒன்றுமில்லை என்று சொல்லி இந்தச் சிக்கலுக்குள் நுழையாமலே விலகிக்கொண்டார்கள். வள்ளுவர் விலகவில்லை. இரண்டையும் சொன்னார், இரண்டும் எங்கே உரசுகின்றன என்பதைப் படிப்பவரிடம் விட்டுவிட்டார். ஒரு முழு வாழ்க்கையை வைத்துப் பார்த்தால்தான் அந்த உரசல் தெரியும். தன்ராஜ் பிள்ளையின் ஹாக்கி வாழ்க்கை அதற்கு ஏற்றது.

தன்ராஜ் 1968 ஜூலை 16 அன்று புனேயை ஒட்டிய கட்கியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தை மைதானத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். புது மட்டை வாங்க வழியில்லாமல், உடைந்த மட்டைகளைக் கயிறு சுற்றிக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் விளையாடினார்கள். வறுமையை ஊழ் என்று சொல்பவர்கள், எட்டும் தூரத்தில் மைதானம் இருந்ததையும், முன்னால் ஆடிக் காட்ட அண்ணன் ரமேஷ் இருந்ததையும் ஊழின் கணக்கிலேயே எழுத வேண்டும். தடையை மட்டும் விதி என்றும் வாய்ப்பைத் திறமை என்றும் பிரிப்பது விளையாட்டு வரலாறுகளில் திரும்பத் திரும்ப வரும் பிழை.

1989இல் இந்திய அணிக்குள் வந்தவர் 2004 வரை 339 பன்னாட்டு ஆட்டங்களில் ஆடினார். ஒலிம்பிக், உலகக் கோப்பை, சாம்பியன்ஸ் டிராபி, ஆசிய விளையாட்டு ஆகிய ஒவ்வொன்றிலும் நான்கு முறை. ஆனால் அந்த நான்கு ஒலிம்பிக்கிலும் இந்தியா பெற்ற இடங்கள் 7, 8, 7, 7. பதக்கம் ஒன்றுகூட இல்லை.

அதில் சிட்னி மட்டும் கையருகே வந்து போனது. 2000ஆம் ஆண்டு, போலந்தை வென்றால் அரையிறுதி என்ற நிலை. இந்தியா 1–0 என முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது போலந்து சமன் செய்தது, அரையிறுதி கைநழுவியது. இதில் ஒரு முன்கள வீரரின் முயற்சியில் குறை எங்கே? தற்காப்பில் நேர்ந்த ஒரு கணத் தளர்ச்சியும் எதிரணியின் விடாமுயற்சியும் சேர்ந்து அவருடைய பயனைத் தீர்மானித்தன. ஒருவருக்கு ஊழாக வந்தது போலந்து வீரர்களின் ஆள்வினைதான். ஊழ், முயற்சி என்ற இரண்டுக்கும் நடுவில் பிறருடைய வினை என்று ஒன்று நிற்பதைக் குழு ஆட்டம் இப்படித் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

பயன் கிடைத்த இடத்திலும் கணக்கு நேராக இல்லை. 1998இல் பாங்காக்கில் அவர் தலைமையில் இந்தியா ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்றது. 32 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த தங்கம் அது. அடுத்து அணி தேர்வானபோது தலைவர் உட்பட வென்ற வீரர்கள் பலருக்கு இடமில்லை. பழவினைதான் பயனாகத் திரும்புகிறது என்ற விளக்கத்தால் இதை எப்படிப் புரிந்துகொள்வது? அவருடைய கிளப் வாழ்க்கையில் மட்டும் உழைப்புக்கும் மதிப்புக்கும் இடையே இத்தனை இடைவெளி இல்லை. லண்டனின் இந்தியன் ஜிம்கானா, பிரான்சில் லியோன், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட், டாக்காவில் அபஹானி, மலேசிய அணிகள் எனப் பல ஊர்களில் அவருடைய ஓட்டத்துக்காகவே அழைத்தார்கள்.

இதே கேள்வி அந்தமான் நிக்கோபாரில் மிகக் கடுமையான வடிவில் எழுந்தது. தன்ராஜ் ஏதென்ஸில் ஆடி முடித்த அதே ஆண்டு, டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலை கார் நிக்கோபாரை அடித்துச் சென்றது. தெற்கே இந்திரா முனையில் நிலமே தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது. அன்று ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் தாக்குப்பிடித்த ஒன்பது வயதுச் சிறுமி டெபோரா ஹெரால்ட், பின்னாளில் இந்தியாவின் முன்னணி சைக்கிள் பந்தய வீராங்கனையானார். அவர் விடாமல் பற்றியிருந்தது ஆள்வினையின் உச்சம். ஆனால் முயன்றவர் ஊழை வெல்வார் என்பதை எல்லோருக்குமான விதியாக்கினால், அதே அலையில் அதே உறுதியோடு பிடித்திருந்து கை வழுக்கியவர்கள் முயலாதவர்கள் என்றாகிவிடும். பழவினை என்று சொன்னாலோ, இறந்த குழந்தைகள் குற்றவாளிகள் ஆகிறார்கள். இரண்டுமே ஏற்கத்தக்கவை அல்ல.

கணியன் பூங்குன்றனார் இதை வேறு பக்கமிருந்து அணுகினார். புறநானூற்றின் 192ஆம் பாடலில் உயிர், மலையாற்று வெள்ளத்தின் வழியே போகும் தெப்பம். அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு செயலின்மை அல்ல: பெரியவரைக் கண்டு வியப்பதும் வேண்டாம், சிறியவரை இகழ்வது அதைவிடவும் வேண்டாம் என்கிறார். அவர் ஊழை வைத்துச் சொன்னது மனிதரை எடைபோடும் முறையைப் பற்றி. வள்ளுவரின் இரு அதிகாரங்களையும் இதன் வழியே படித்தால் முரண் தளர்கிறது. 62ஆம் அதிகாரம் மட்டையைக் கையில் வைத்திருப்பவருக்குச் சொன்னது. 38ஆம் அதிகாரம், ஆட்டம் முடிந்தபின் அவரைத் தீர்ப்பிட உட்காருபவருக்குச் சொன்னது.