மிஷனியல் மாணவரைப் பரீட்சிப்பது யார்?

கல்முனையிலிருந்து நாவிதன்வெளிக்குப் போகிறவர்கள் கிட்டங்கித் தாம்போதியைக் கடக்க வேண்டும். மாரி மழை அடித்துப் பெய்தால் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும், போக்குவரத்து நின்றுவிடும். அதற்கு அப்பால், வயல்களுக்கு நடுவே இருக்கிறது சொறிக்கல்முனை. அம்பாறைக் கரையோரத்தில் திருச்சிலுவை ஆலயத்தால் பெயர் பெற்ற கத்தோலிக்கக் கிராமம் அது. ஊர்ப் பாடசாலையின் பெயரும் ஹோலிகுறோஸ்தான். சம்மாந்துறை, நற்பிட்டிமுனை, வீரமுனை என்று சுற்றுவட்டாரத்தில் முஸ்லிம்களும் இந்துக்களும் வாழ்கிறார்கள்.

பண்பாடுகளைக் கடந்து செல்லும் கிறிஸ்தவ ஊழியத்தைப் பட்டமேற்படிப்பாகப் படிக்க முடியும்; அந்தத் துறைக்கு மிஷனியல் என்று பெயர். செராம்பூர் செனட் வழங்கும் இறையியல் முதுமாணிப் பிரிவுகளில் மிஷனியலும் ஒன்று. அந்தத் துறை தன் கதையைப் பெரும்பாலும் கடல் தாண்டி வந்தவர்களைக் கொண்டே சொல்லிவந்திருக்கிறது. மட்டக்களப்புக்கும் அப்படி வந்தவர்கள் உண்டு. 1814இல் வெஸ்லியன் சபையின் வில்லியம் ஓல்ட் வந்தார். ஓர் ஆண்டு முடியுமுன்பே இறந்துபோனார். 1890களில் திருகோணமலை மறைமாவட்டம் பிரெஞ்சு இயேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க இயேசு சபையினரும் வந்து சேர்ந்தார்கள். இவர்கள் எல்லாருக்கும் முன்னால் முதலில் நின்றது மொழி என்ற மதில்.

சொறிக்கல்முனையில் பிறந்த ஒருவர் மிஷனியல் படித்தால் அவருக்கு அந்த மதில் இல்லை. சம்மாந்துறைச் சந்தையில் பேரம் பேச அவருக்கு அகராதி வேண்டாம். கிழக்கின் தமிழரும் முஸ்லிம்களும் பல ஊர்களில் தாய்வழிக் குடிமுறையைப் பொதுவாக வைத்திருக்கிறார்கள். வீடு மகளுக்குப் போகிறது, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். கோயிலுக்கு வண்ணக்கரும் பள்ளிவாசலுக்கு மரைக்காரும் குடிவழியே தெரிவாகும் வழக்கம் இருந்தது. பெரிய வயற்காரர் எந்த மார்க்கத்தவரானாலும் போடியார்தான். இவ்வளவும் ஒன்றாயிருக்கும் இடத்தில் மாணவர் கடந்து போக வேண்டியது எதை?

நம்பிக்கையை என்று பதில் சொல்வது எளிது. ஆனால் அந்தப் பதிலுக்குள் ஒரு மெய்யியல் சிக்கல் ஒளிந்திருக்கிறது. இன்னொருவருடைய நம்பிக்கையை மாற்றும் நோக்கத்தோடு கற்றுக்கொள்கிறவர் அதை உள்ளபடி அறிய முடியுமா? கொக்கு குளத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தால் மீன் மட்டும்தானே தெரியும்?

தரங்கம்பாடியில் இந்தக் கேள்வி முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தது. 1706இல் அங்கே வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு மதம் மாற்றத்தான் வந்தார். அதை அவர் மறைக்கவுமில்லை. ஆனால் அவரும் உடன் ஊழியர் கிரண்ட்லரும் 1712 முதல் 1714 வரை தமிழ் இந்துக்களிடம் கேள்விகளை அனுப்பி, பதில்களை எழுதி வாங்கினார்கள். தெய்வம், பாவம், சடங்கு, திருமணம் என்று எல்லாவற்றையும் பற்றி வந்த அந்தக் கடிதங்கள் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் ஹாலே நகரில் அச்சாயின. ஆராயப்பட்டவர்கள் தங்கள் வாயாலேயே பேச இடம் கிடைத்தது அந்தக் காலத்துக்குப் பெரிய காரியம். தென்னிந்தியத் தெய்வங்களின் மரபைப் பற்றி 1713இல் சீகன்பால்கு எழுதி முடித்த நூலுக்கு வேறு கதி நேர்ந்தது. அது 1867 வரை அச்சேறவில்லை. மிஷனரியை அனுப்பியது அந்த மதத்தை வேரறுக்கவே, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவருடைய ஊழியத்தை ஆதரித்த ஹாலே பெரியவர்களின் எண்ணம். அயலாரின் மதத்தை அக்கறையோடு அறிவதே ஆபத்து என்று அவர்களுக்குப் பட்டிருக்கிறது. அந்தப் பயம் இன்றும் பல சபைகளில் குறையவில்லை.

இலங்கையில் இதற்கு நேரெதிர்த் திசையில் நடந்தவர் அருட்தந்தை மைக்கல் ரொட்றிகோ. உரோமையிலும் பாரிசிலும் இரண்டு கலாநிதிப் பட்டங்கள் பெற்ற அமலமரித் தியாகிகள் சபைக் குரு. 1980இல் அவர் அம்பாறைக்கு அயல் மாவட்டமான மொனராகலையில், புத்தளைக்கு அருகே பௌத்த ஏழை விவசாயிகளின் நடுவே குடிசை போட்டுத் தங்கினார். ஆள் சேர்க்க அவர் அங்கே போகவில்லை. அயலவரான பௌத்தர்களிடமிருந்து கற்கவும் அவர்களுடைய உரிமைகளுக்காக நிற்கவும் போனார். 1987 நவம்பர் 10ஆம் தேதி திருப்பலி ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார்.

எல்லா மாணவரிடமும் அந்த உயரத்தை எதிர்பார்க்க முடியாது. கல்வி நிலையங்கள் செய்யக்கூடியதற்கு வேறொரு முன்மாதிரி இருக்கிறது. 1940களில் லாகூரில் கிறிஸ்தவ மிஷன் சார்பில் பணியாற்றியபடி இஸ்லாமிய வரலாறு கற்பித்தவர் கனடியரான வில்ஃபிரட் கான்ட்வெல் ஸ்மித். 1952இல் மொன்றியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியபோது, ஆசிரியரிலும் மாணவரிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் முஸ்லிம்களாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார். ஒரு மதத்தைப் பற்றிய கூற்றை அந்த மதத்தவர் ஏற்றுக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த அளவுகோல்.

கிழக்கிலங்கைக்கு இந்த அளவுகோல் மற்ற இடங்களைவிட அவசரமாகத் தேவை. நாட்டின் அரசியலமைப்பு ஒரு மதத்தைத் தழுவும் சுதந்திரத்தைத் தருகிறது. ஆனால் மதத்தைப் பரப்புவது அதில் உறுதிசெய்யப்பட்ட உரிமை அல்ல என்று 2003இல், மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியரின் கூட்டிணைப்பு மசோதா தொடர்பில் உயர் நீதிமன்றம் கூறியது. மறு ஆண்டே மதமாற்றத் தடை மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 26இல் கடல் வந்து அம்பாறைக் கரையில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோரைக் கொண்டுபோனபின், நிவாரணத்தோடு வேதமும் வருகிறதோ என்ற சந்தேகம் நாட்டில் பரவியது. 2019இல் மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்தது. ஐந்தாம் நாள் சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் குண்டுகள் வெடித்துக் குழந்தைகளும் இறந்தார்கள். அதன்பின் சந்தேகத்தின் சுமை, குற்றத்தில் எந்தப் பங்கும் இல்லாத முஸ்லிம் குடும்பங்கள்மேல் விழுந்தது. இந்த மண்ணில் ‘முஸ்லிம்களை அணுகுவது எப்படி’ என்று ஓர் ஆய்வேடு எழுதினால், எழுதியவர் எவ்வளவு நல்லவரானாலும், வாசிக்கிற முஸ்லிம் தன்னை வேவு பார்த்ததாகவே எண்ணுவார். அப்படி எண்ணுவதில் நியாயமும் உண்டு.

அதனால் ஆய்வேட்டின் பரீட்சகர்களில் ஒருவர் முஸ்லிமாக இருக்க வேண்டும். பெயருக்கு அழைத்து மேடையில் உட்கார வைக்கும் மௌலவியாக அல்ல, புள்ளி போடும் அதிகாரத்தோடு. ‘இதில் எழுதியிருப்பது நானா?’ என்று அவர் கேட்பார். ‘இயேசுவை ஏற்கிறாயா?’ என்று அவரை யாரும் கேட்கப் போவதில்லை. நற்செய்தியை அறிவிக்கும் கடமை இதனால் மழுங்கிவிடும் என்பார்கள் சிலர். அயலாருக்கு முன்னால் வைக்க முடியாத அறிவிப்பை அயலாருக்கான நற்செய்தி என்று சொல்வதுதான் கடினம்.

இது ஒருவழிப் பாதையாகவும் இருக்கக் கூடாது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் இஸ்லாமிய கற்கைகள், அரபு மொழிப் பீடம் இருக்கிறது. அங்கே கிறிஸ்தவத்தைப் பற்றி ஒரு மாணவர் எழுதினால், அந்த ஏடு சொறிக்கல்முனைப் பங்குத்தந்தையின் மேசைக்கும், ஹோலிகுறோஸில் படிப்பிக்கும் ஓர் ஆசிரியையின் கைக்கும் போய் வரவேண்டும். இரண்டு ஏடுகளும் தமிழிலேயே எழுதப்படக்கூடியவை. வாய்மொழிப் பரீட்சையைக் கல்முனையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் வைத்தால் ஊரவரும் வந்து கேட்கலாம்.