அடைகாத்தலும் அறமும்

உயிரைக் கொல்லலாகாது என்பதில் நம்மவருள் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால், ஓர் உயிரைத் தோற்றுவிக்கும் செயலில் கைவைப்பவருக்கு உள்ள கடமை யாது என்னும் வினாவை நாம் அவ்வளவாக எழுப்புவதில்லை. திண்டுக்கல் நகரின் ஒரு தெருவில், ஒரு பெட்டி நிறைந்த முட்டைகளின் முன்னே ஓர் இரவு முழுதும் விழித்திருக்க நேர்ந்தபோதுதான் இவ்வினா எம் உள்ளத்தில் வேரூன்றியது. அதனை அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

முதலில் ஒரு பழைய குற்றத்தைச் சொல்லியாக வேண்டும். 1970-ஆம் ஆண்டு யாம் ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தோம். அறிவியல் பாடத்தின் பொருட்டு ஓர் அடைக்கோழியைக் கொண்டுவந்து 13 முட்டைகளை அடைவைத்தார்கள். உமியும் வைக்கோலும் பரப்பிய கூடையின் அடியில், ஊர் வழக்கப்படி, ஒரு கரித்துண்டும் ஓர் இரும்பாணியும் கிடந்தன. அவை இருந்தால் இடியோசைக்கு முட்டை கூமுட்டையாகாது என்பது நாட்டார் நம்பிக்கை. மூன்று நாளுக்கு ஒரு முட்டையாக எடுத்து உடைத்துக் கருவின் வளர்ச்சியைக் காட்டுவது பாடமுறை. பன்னிரண்டாம் நாள் முட்டை எம் பங்காக வந்தது. மறுத்திருக்கலாம், மதிப்பெண்ணுக்கு அஞ்சி மறுக்கவில்லை. ஓட்டை நீக்கியபோது அலகும், விரல் பிரிந்த கால்களும் தெரிந்தன. அது சிறிது அசைந்தது. படம் வரைந்தோம், நல்ல மதிப்பெண் கிடைத்தது. கோழியோ எஞ்சிய முட்டைகளை அலகால் தன் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டு முன்போலவே அமர்ந்திருந்தது.

பின்னர் ஆசிரியப் பணியில் அப்பாடம் வந்தபோதெல்லாம், அட்டைப்பெட்டி ஒன்றில் துளையிட்டு, உள்ளே கைவிளக்கை வைத்து, துளையின்மேல் முட்டையை நிறுத்திக் காட்டினோம். ஏழாம் நாளில் சிலந்தியின் கால்கள் போலப் பரந்த செந்நிற நரம்புகள் தெரியும். கருக்கூடாத முட்டையில் ஒளி தடையின்றி ஊடுருவும். ஓடு உடையாமலே பாடம் நடந்தது. கற்பிப்பதற்குக் கொலை வேண்டுவதில்லை என்பதை ஒரு கொலைக்குப் பின்னர்த்தான் கற்றோம்.

அடைக்கோழியை உற்று நோக்கியவர்க்கு அதன் செயல் ஒரு நோன்பு போலத் தோன்றும். 21 நாள் அது முட்டைகளை விட்டு அகலுவதில்லை. நாளுக்கு ஒரு முறை சிறிது நேரம் இறங்கி இரையும் நீரும் கொண்டு திரும்பிவிடும், உடல் மெலியும். மார்பின் இறகுகள் உதிர்ந்து, தோலின் வெம்மை நேரே முட்டையில் படும். கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளாதபடி முட்டைகளை அலகால் புரட்டிக்கொண்டே இருக்கும். இறுதி நாள்களில் ஓட்டினுள்ளிருந்து குஞ்சு கீச்சிடும். தாய் மெல்லிய குரலில் மறுமொழி தரும்.

குஞ்சு பொரிப்பான் என்னும் கருவி இவற்றையெல்லாம் பார்த்துப் பழகிய மாணாக்கன். ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பம், ஈரப்பதத்திற்கு ஒரு தட்டு நீர், முட்டையைப் புரட்ட ஓர் அமைப்பு, பதினெட்டாம் நாளில் புரட்டுவதை நிறுத்தல். இவ்வளவே அதன் இலக்கணம். இக்கலை புதிதுமன்று. எகிப்து நாட்டில் சாணக் குவியலில் முட்டைகளைப் புதைத்துப் பொரிக்க வைத்ததை அரிசுடாட்டில் குறித்துள்ளார். அந்நாட்டுப் பொரிப்புச் சூளைகளில் வேலை செய்தோர் முட்டையைக் கண்ணிமையில் வைத்தே வெப்பத்தை அளந்தனர். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. கோழி தன் இயல்பால் அமர்கிறது. கருவியை ஒரு மனிதக் கை முடுக்குகிறது. அக்கையே அப்பொழுது தாயின் இடத்தை ஏற்றுக்கொள்கிறது.

2012-ஆம் ஆண்டு, தமிழகமெங்கும் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு நிலவிய காலம். எம் அடுத்த வீட்டு அம்மையார் கணவரை இழந்தவர். நாட்டுக்கோழி வளர்த்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். கடன் பெற்று ஒரு சிறு குஞ்சு பொரிப்பான் வாங்கி 48 முட்டைகளை வைத்திருந்தார். ஏழாம் நாள் விளக்கொளியில் பார்த்துக் கருக்கூடாத 9 முட்டைகளை நீக்கினார். பத்தொன்பதாம் நாள் அவருடைய மகளுக்கு மதுரையில் பேறுகால வலி கண்டது. "டீச்சரம்மா, ரெண்டு நாள் இதைப் பாத்துக்கிடுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் பேருந்தேறினார்.

அன்றிரவு மின்சாரம் போயிற்று. மாற்று மின்கலமும் சிறிது நேரத்தில் ஓய்ந்தது. புட்டிகளில் வெந்நீர் நிரப்பிப் பெட்டியினுள் அடுக்கினோம். மேலே கம்பளி போர்த்தினோம். விட்டில்கள் விழாதபடி கண்ணாடிக் கூண்டுள்ள அரிக்கேன் விளக்கை ஏற்றிவைத்து வெப்பமானியைப் பார்த்தபடி இருந்தோம். நீர் ஆறும்போதெல்லாம் மாற்றினோம். பின்னிரவில் ஓட்டுக்குள்ளிருந்து முதற் கீச்சொலி கேட்டது. 1970-இல் உடைத்த அந்த முட்டை நினைவுக்கு வந்தது. இருநாள் கழித்து 31 குஞ்சுகள் வெளிவந்தன. அம்மையாரும் பேரனைப் பார்த்த மகிழ்ச்சியோடு திரும்பினார்.

கதை இங்கு முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கே தேவையில்லை. அந்த 31-இல் 16 சேவல்கள். ஐந்து திங்கள் கழித்து ஒரு காலையில் அவை கால் கட்டப்பட்டு ஒரு வண்டியில் ஏறின. திண்டுக்கல் எவ்வுணவுக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதை யாம் எழுத வேண்டுவதில்லை. எம் முகத்தைக் கண்ட அம்மையார், "நீங்க காப்பாத்துனது அந்த ராத்திரிக்கு டீச்சரம்மா. அதுக்கப்புறம் உள்ளது என் கணக்கு" என்றார். அம்மொழி எம்மைத் தேற்றவில்லை. கத்திக்கு உரியதாகப் போகும் உயிரைக் காப்பது அறமா? அன்றிரவு வெந்நீர் காய்ச்சாமல் இருந்திருந்தால் எமக்குப் பழி குறைந்திருக்குமா?

நம் ஆகமம் இங்கு வழிகாட்டுகிறது. முட்டையிற் பிறப்பதைத் தத்துவார்த்த சூத்திரம் கருப்பிறப்பின் வகைகளுள் ஒன்றாக வைக்கிறது. ஆகவே கருக்கூடிய முட்டை உயிருடையது என்பதில் ஐயமில்லை. அந்நூலே இல்லறத்தாரின் கொல்லாமை விரதத்திற்கு ஐந்து குற்றங்களைச் சொல்கிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல். ஐந்தும் நம்மை அண்டியிருக்கும் உயிருக்கு நாம் இழைப்பன. முட்டைக்கு உணவு வெம்மையே. நாளை நேரவிருக்கும் கொலையைக் காரணம் காட்டி இன்றைய வெம்மையை மறுப்பது, பசித்த ஆட்டுக்கு அது சந்தைக்குப் போகும் ஆடு என்று சொல்லித் தழை மறுப்பதை ஒக்கும். அவ்விரவு செய்தது தவறன்று என்றே யாம் முடிவு செய்தோம்.

அப்படியாயின் கருக்கூடாத முட்டையில் தீங்கில்லையே என்று இளையோர் வினவுவர். காந்தியடிகளும் 1942-இல் ஆகாகான் மாளிகைச் சிறையிலிருந்து உடல்நலம் பற்றி எழுதிய சிறு நூலில், பாலுண்பவர் குஞ்சாகாத முட்டையை விலக்கக் காரணமில்லை என்று கருதினார். அப்பெரியாரின் நேர்மையை மதிக்கின்றோம். ஆனால் இன்றைய பண்ணையின் நடைமுறை வேறு. நாமக்கல் போன்ற இடங்களில் சேவலின்றி வளரும் முட்டைக்கோழிகள் இடுவது கருவற்ற முட்டைதான். எனினும் அக்கோழி ஒவ்வொன்றும் ஒரு பொரிப்பகத்திலிருந்து வந்தது. அங்கே அதனுடன் பிறந்த சேவற்குஞ்சுகள் முட்டையிடா. இறைச்சிக்கும் விரைந்து பருக்கா. ஆதலின் பிறந்த நாளிலேயே கொல்லப்படுகின்றன. இக்கொடுமையை உணர்ந்து செருமனி நாடு 2022 சனவரி முதல் அதனைத் தடைசெய்தது. உயிரில்லாத முட்டைக்குப் பின்னே உயிர் நீத்த உடன்பிறப்புகள் உள்ளன. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றனுள் உண்பவன் கடைசி இரண்டினின்று தப்புவது எளிதன்று.

பொருளில் உயிர் இருந்ததா என்று மட்டும் பார்ப்பது போதாது என்பதற்கு யசோதர காவியமே சான்று. மன்னன் யசோதரன் தன் தாய் சந்திரமதியின் சொற்கேட்டுப் பலியிட்டது மாவினால் செய்த கோழி. அதில் குருதியில்லை, ஆனால் கொல்லும் எண்ணம் இருந்தது. அதன் பயனாக இருவரும் விலங்கும் பறவையுமாகப் பல பிறவி அலைந்து, முடிவில் கோழிகளாகவும் பிறந்தனர் என்பது கதை. எண்ணமே வித்து.

பழனிக்கு அருகே ஐவர்மலையில் பார்சுவநாதர் திருவுருவம் புதுப்பிக்கப்பட்டதைக் கி.பி. 870-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. உயிரிரக்கம் இம்மண்ணுக்கு அயலன்று. ஆயினும், பிள்ளைகளைக் காக்கக் கோழி வளர்த்த ஒரு தாயின் முன் அக்கல்வெட்டைக் காட்டித் தீர்ப்புச் சொல்ல எமக்குத் தகுதியில்லை. எம் ஒழுக்கத்தையே யாம் வரையறுத்துக்கொள்ள முடியும்.

அடுத்த முறை அம்மையார், "உங்க கைராசிக்கு எல்லாம் பொரிச்சுச்சு, நீங்களே முட்டையை அடுக்கிக் கொடுங்க" என்று அன்போடு அழைத்தார். "இடையில் வெம்மை குறைந்தால் எந்த இரவும் கூப்பிடுங்கள், வருவோம். தொடங்கிவைக்க மட்டும் எம் கையைக் கேட்காதீர்கள்" என்றோம். அவர் முகம் வாடியது. சில நாள் பேச்சுக் குறைந்தது. அந்த இழப்பும் எம் முடிவின் விலையே.

காப்பதற்கு எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. தொடங்குவதற்கு எண்ணிப் பார்க்க வேண்டும். முடிவுவரை உடன் நிற்க இயலாத உயிரைத் தொடங்கிவைக்கலாகாது. யாரோ தொடங்கிய உயிராயினும் நம் கைக்கு வந்தபின் கைவிடலாகாது. ஆசைக்கு நாய்க்குட்டி வாங்கி, அலுத்தபின் தெருவில் விடுவோர்க்கும் இவ்விதி பொருந்தும். 1970-இல் உடைத்த முட்டையை எம்மால் மீண்டும் ஒட்டவைக்க முடியாது. அன்று தவறிய வெம்மையை, நம் கைக்கு எட்டும் உயிர்களுக்கேனும் அளிப்போமாக.