நாத்திகர் கட்டிய கோயில்

கடவுள் நம்பிக்கை இல்லாதவர் கட்டிய இடத்தில் வழிபாடு செல்லுமா? பிரேசிலின் பெலோ ஒரிசோன்ச் நகரில் இந்தக் கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. அங்கே பம்புல்யா ஏரிக்கரையில் ஆஸ்கர் நீமெயர் வடிவமைத்த அசிசி பிரான்சிஸ் ஆலயம் 1943இல் கட்டி முடிந்தது. அலை அலையாக எழுந்து தாழும் கான்கிரீட் வளைவுகள்தாம் அதற்குச் சுவரும் கூரையும். பேராயர் அதை அர்ச்சிக்க மறுத்துவிட்டார். நீமெயர் நாத்திகர், 1945இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர். ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது 1959இல்தான். அதே ஏரிக்கரையில் அவர் கட்டிய சூதாட்ட விடுதி, சூதாட்டம் தடைசெய்யப்பட்ட பின், 1957இலேயே கலைக்கூடமாகிவிட்டது. கோயிலுக்கு முன்பே சூதாட்ட விடுதி கரையேறியது வேடிக்கைதான்.

திருச்சபையின் சொந்த மரபே பேராயருக்கு எதிராக நிற்கிறது. ஒழுக்கம் கெட்ட குரு கொடுக்கும் திருமுழுக்கு செல்லாது என்று வட ஆப்பிரிக்காவில் தொனாத்திஸ்ட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வாதிட்டபோது, அருள் கொடுப்பவரின் தகுதியைச் சார்ந்ததல்ல என்று மறுத்தவர் புனித அகுஸ்தின். பின்னாளில் கத்தோலிக்கப் போதனை இன்னும் ஒரு படி போயிற்று: அவசர வேளையில், திருச்சபை செய்வதைச் செய்யும் நோக்கம் இருந்தால், கிறிஸ்தவர் அல்லாதவரும் திருமுழுக்கு கொடுக்கலாம். அங்கே நம்பிக்கையைக் கேட்பதில்லை, நோக்கத்தைத்தான் கேட்கிறார்கள். கட்டடக் கலைஞரிடம் மட்டும் அதற்கு மேல் கேட்பானேன்?

நீமெயரிடம் அந்த நோக்கமாவது இருந்ததா என்று கேட்கலாம். கோயிலுக்கு வளைவு, அதே ஏரிக்கரையில் அவர் கட்டிய நடன விடுதிக்கும் வளைவு. பக்திக்கென்று அவர் தனியாக என்ன செய்தார்? போதாததற்கு, இத்தகைய வளைகூரை பிரான்சின் ஓர்லியில் வான்கப்பல் கொட்டகைக்குப் பயன்பட்டது. ஆனால் வடிவத்தின் பூர்வீகத்தைத் தோண்டினால் எந்த ஆலயமும் தப்பாது. பசிலிக்கா என்பதே ரோமானியர் வழக்கு விசாரித்த, வாணிகம் பேசிய மண்டபம். வடிவம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, உள்ளே வருபவரை அது என்ன செய்கிறது என்பதே முக்கியம்.

அந்த அளவுகோலில் பம்புல்யாவைவிட, நீமெயரே வடிவமைத்த பிரசிலியா பேராலயமே எனக்கு வலுவான சான்று. 1958இல் அடிக்கல் நாட்டி, 1970இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. நீமெயரின் கோட்டோவியத்தில் சில கீற்றுகளே போதும், வட்டமாக நின்று வெளிப்புறம் விரியும் 16 தூண்களும் வந்துவிடும். அந்தக் கீற்றுகளில் பிடிபடாதது நுழைவாயில். பக்தர்கள் நிலத்தடியில் இருண்ட பாதை வழியாக இறங்கி நடந்து, சட்டென்று கண்ணாடிக் கூரையின் ஒளிவெள்ளத்துக்குள் வருகிறார்கள். கட்டடம் நிற்பதற்கு அந்த இருட்டு தேவையில்லை. வழிபட வருபவரின் மனநிலையை எண்ணிப் பார்த்தவருக்கே அது தோன்றும். வரைந்தபின் விளக்கக் குறிப்பு எழுதுவதும், வாதம் நிற்காவிட்டால் மறுபடி வரையப் போவதும் அவர் வழக்கம். ஆகவே இதைக் கைபோன போக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. தன்னிடம் இல்லாத நம்பிக்கையைப் பிறருக்காக இவ்வளவு கவனத்துடன் அவர் கணக்கில் எடுத்திருக்கிறார். திருச்சபை கேட்கும் நோக்கம் இதைவிட அதிகமானது என்று சொல்பவர், பல பக்திமான்கள் கட்டிய சோம்பேறித்தனமான ஆலயங்களுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.